வசந்தக் காத்துல ஒரு மாசம்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல போற போக்குல, நல்ல வாத்தியாரைப் பாராட்டற "சுன் ஃபெங் ஹுவா யூ"ங்கற சீனப் பழமொழியைச் சொல்லிட்டு நகர்ந்துட்டேன், அதுக்கு வந்த கடிதங்களைப் பார்த்தா இந்த தடவை பக்கம் பூரா அதுக்கே போயிடும் போல. சரி, போகட்டும்.

கேள்வி: என் கூட வேலை பார்க்கிற சீனப் பொண்ணு செப்டம்பர் 10-ம் தேதி அவங்க ஊர் ஆசிரியர் தினத்துக்கு பழைய டீச்சருக்கு ஒரு மெசேஜ் அனுப்பினாங்க. நீங்க எழுதின அதே "சுன் ஃபெங் ஹுவா யூ" தான். கேட்டதுக்கு "அன்பா சொல்லிக்கொடுத்தீங்கன்னு அர்த்தம்"னு சொல்லி முடிச்சுட்டாங்க. அவ்ளோதானா?

பதில்: அவ்ளோதான்னு சொல்ல மனசு வரலைங்க.

நாலே நாலு எழுத்து. வசந்தம், காத்து, மாத்துறது, மழை. வசந்த காலத்துக் காத்து மாதிரி, பயிரை எழுப்பி விடுற மழை மாதிரி ஒருத்தர் சொல்லிக்கொடுத்தார்னு பாராட்டுறது. பள்ளிக்கூட சுவர்லயும் ரிட்டையர்மென்ட் ஷீல்டுலயும் இது இருக்கும். உங்க ஃப்ரெண்ட் சொன்ன அன்பு, மென்மை எல்லாம் கண்டிப்பா அதுல இருக்கு. ஆனா எனக்கு அதை விட முக்கியமா படுறது நேரம்.

மழைங்கற பாகம் மென்சியஸ் கிட்ட இருந்து வருது. கி.மு. நாலாம் நூற்றாண்டு ஆளு, கன்பூசியஸ் வழி வந்தவர். சான்றோர் சொல்லிக்கொடுக்கிற விதம் அஞ்சுன்னு ஒரு பட்டியல் போடுறார், அதுல மொதல்ல நிக்கறது "காலத்துல பெய்யுற மழை மாதிரி மாத்துறது". வெறும் மழைன்னு விட்டிருக்கலாம், விடல, காலத்துலன்னு சேர்த்துருக்கார். அது ஏன்னு தெரியணும்னா வட சீனாவோட விவசாயத்தைக் கொஞ்சம் பார்க்கணும். அங்க குளிர்காலம் பூரா வறட்சி தான், மழைங்கறது பெரும்பாலும் கோடையில வர்ற சமாச்சாரம், ஆனா கோதுமையை இலையுதிர் காலத்துலயே விதைச்சுடுவாங்க, அது பனியில சுருண்டு கிடந்துட்டு வசந்தம் வந்ததும் முழிச்சுக்கும், முழிச்ச உடனே தண்ணி கேட்கும், அப்ப பார்த்து மழை சரியா வராது. "வசந்த மழை எண்ணெய் மாதிரி விலை ஒசத்தி"ன்னு அந்த ஊர்ல பழமொழியே இருக்கு. அந்த நேரத்துல ஒரு தூறல் விழுந்தா அதோட மதிப்பே வேற. அதே மழை அறுப்புக்குக் கதிர் சாஞ்சு நிக்கறப்ப பெஞ்சா எவனும் வாழ்த்த மாட்டான்.

து ஃபூன்னு ஒரு கவிஞர், தாங் வம்ச காலம், 761 வாக்குல செங்டூல ஒரு குடிசை போட்டு இருந்தப்ப வசந்த ராத்திரியில பெஞ்ச மழையைப் பத்தி எழுதினார். நல்ல மழைக்கு எப்ப வரணும்னு தெரியும்னு ஆரம்பிக்குது, காத்தோட சேர்ந்து ராத்திரியில நைசா நுழைஞ்சு சத்தமே போடாம எல்லாத்தையும் நனைக்குதுன்னு போகுது. அவர் எழுதினது மழையைப் பத்தி தான், வாத்தியார் யாரும் அதுல கிடையாது. ஆனா இன்னைக்கு சீனாவுல கல்வின்னு யாராவது மைக் பிடிச்சா அந்த "சத்தமே போடாம நனைக்கிற" வரி எப்படியும் வந்துடும். ஆரம்ப வரியை மட்டும் வசதியா விட்டுடறாங்க. எனக்கு அதுல தான் வருத்தம்.

கேள்வி: மழை மென்சியஸ்னா காத்து யாரோடது? அதுவும் வாத்தியார் பத்தி தானா?

பதில்: இல்லை, அது ஒரு மந்திரியோட புலம்பல்! கி.மு. முதல் நூற்றாண்டுல லியூ ஷியாங்னு ஒருத்தர் பழைய கதைகளையெல்லாம் தொகுத்து வெச்சார், அதுல வருது.

மெங் ஜியான்ஸின்னு ஒரு அதிகாரி பதவியில இருந்தப்ப அவர் வாசல்ல மூவாயிரம் பேருக்கு மேல கிடந்தாங்களாம். அப்புறம் ஏதோ குற்றத்துல மாட்டி சீ நாட்டுக்கு ஓடி வர்றார். அங்க மந்திரி குவான் சோங் அவரை எதிர்கொண்டு கூப்பிட்டு, இப்ப கூட எத்தனை பேர் வந்திருக்காங்கன்னு கேட்கறார். மூணு பேர். ஏன் அந்த மூணு பேர் மட்டும்? ஒருத்தனோட அப்பா செத்தப்ப அடக்கம் பண்ண காசில்லை, நான் பண்ணி வெச்சேன், இன்னொருத்தனுக்கு அம்மா, அதே மாதிரி, மூணாமத்தவனோட அண்ணன் ஜெயில்ல இருந்தான், வெளியில எடுத்தேன்னு சொல்றார். குவான் சோங் வண்டியில ஏறி உட்கார்ந்துட்டு, "போச்சு, என் கதி அதோகதி தான், வசந்தக் காத்தா மனுஷங்க மேல வீசவும் எனக்குத் தெரியல, கோடை மழையா அவங்க மேல பெய்யவும் தெரியல"ன்னு பெருமூச்சு விடறார்.

இதை நடந்த சம்பவம்னு எடுத்துக்காதீங்க, குவான் சோங் செத்தது கி.மு. 645-ல, கதையில வர்ற பதவி விவரமெல்லாம் அந்தக் காலத்தோட ஒட்டவே ஒட்டாது. ஆனா அந்த மூணு பேரோட கணக்கைப் பாருங்க. மூவாயிரம் பேருக்கும் சோறு போட்டிருப்பார், அது யார் மனசுலயும் நிக்கல. யாருக்கு எப்ப உசுரு போற மாதிரி ஒரு தேவை இருந்துச்சோ அப்ப செஞ்சது தான் நின்னுது. பின்னாடி வந்தவங்க இந்தக் காத்தையும் மென்சியஸோட மழையையும் ஒண்ணா முடிஞ்சு வாத்தியார் தலையில வெச்சுட்டாங்க. நல்லா தான் பொருந்துது.

கேள்வி: சீனான்னாலே கண்டிப்பான வாத்தியார், பரீட்சை, பிரம்புன்னு தானே கேள்விப்பட்டிருக்கோம், இந்த வசந்தக் காத்தெல்லாம் சும்மா அலங்காரப் பேச்சா? உண்மையில கண்டிப்பானவரைத் தானே அங்க கும்பிடறாங்க?

பதில்: நல்ல கேள்வி, ஏன்னா ரெண்டையுமே கும்பிடறாங்க. பிள்ளைங்க தலைமுறை தலைமுறையா மனப்பாடம் பண்ணின, வரிக்கு மூணு எழுத்தா எழுதின பழைய பாடப் புத்தகத்துல "சொல்லிக்கொடுக்கிறதுல கண்டிப்பு இல்லன்னா அது வாத்தியாரோட சோம்பேறித்தனம்"னே ஒரு வரி இருக்கு. கண்டிப்பான குரு தான் நல்ல சிஷ்யனை உருவாக்குவார்ங்கற பழமொழியும் நடமாட்டத்துல தான் இருக்கு.

இந்த ரெண்டும் ஒரே வீட்டுக்குள்ள இருந்த கதை ஒண்ணு இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. சோங் வம்ச காலத்துல செங் ஹாவ், செங் யீன்னு அண்ணன் தம்பி. அண்ணன் பொறந்தது 1032, தம்பி 1033. ரெண்டு பேருமே பெரிய தத்துவ ஆசிரியர்கள், சிந்தனை கிட்டத்தட்ட ஒண்ணு, குணம் மட்டும் ஏணி வெச்சாலும் எட்டாது. அண்ணன் ரூசோவ்ங்கற ஊர்ல சின்ன உத்தியோகத்துல இருந்தப்ப ஜூ குவாங்திங்னு ஒருத்தர் போய் ஒரு மாசம் கூட இருந்துட்டு வந்தார். வந்தவர் ஊர்ல பார்த்தவங்க கிட்ட சொன்னது, "நான் வசந்தக் காத்துல ஒரு மாசம் உட்கார்ந்திருந்தேன்". என்ன படிச்சீங்க, எத்தனை பாடம் முடிஞ்சுதுன்னா ஒண்ணும் சொன்னதா இல்லை. அந்தப் பேச்சு இன்னைக்கும் தனியா ஒரு மரபுத் தொடரா வழக்கத்துல இருக்கு.

தம்பி கதை பனி. யாங் ஷி, யோ ட்சுவோன்னு ரெண்டு சிஷ்யனுங்க செங் யீயைப் பார்க்கப் போறாங்க. அவர் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கார். இவங்க எழுப்பல, நின்னுட்டே இருக்காங்க. அவர் கண்ணைத் திறந்தப்ப வாசல்ல பனி ஒரு அடி ஆழம். படத்துலயும் பாடப் புத்தகத்துலயும் ரெண்டு பேரும் வெளியில பனியில வெறைச்சுப் போய் நிக்கற மாதிரி தான் வரையறாங்க, ஆனா பழைய குறிப்புல அவங்க உள்ள, அவர் பக்கத்துல தான் நின்னுட்டிருந்தாங்க. அவர் முழிச்சுப் பார்த்து, "நீங்க இன்னும் இங்கயா இருக்கீங்க, நேரமாச்சு, போய் ரெஸ்ட் எடுங்க"ன்னு அனுப்பறார், வெளிய வந்தா தான் பனி. அந்த ஒரு வரியைச் சேர்த்துப் படிச்சா மனுஷன் அவ்ளோ மோசமா தெரியல, இல்ல? வேடிக்கை என்னன்னா 1170-கள்ல ஜூ ஷிங்கற தத்துவ அறிஞர் ஒரு நண்பரோட சேர்ந்து தொகுத்த நூல்ல இந்த ரெண்டு கதையையும் அடுத்தடுத்து வெச்சிருக்காங்க. காத்து ஒரு வரி, உடனே பனி. எது ஒசத்தின்னு சொல்லாம விட்டுட்டாங்க.

அண்ணனே இதைப் பத்திப் பேசினதா ஒரு பேச்சு உண்டு. பின்னாடி ஆசிரியர்ங்கற இடத்துக்கு ஒரு மரியாதையை வாங்கித் தரப்போறவன் என் தம்பி, ஆனா புதுசா படிக்க வர்றவங்களை வரவேற்று அவங்கவங்க தரத்துக்கு ஏத்த மாதிரி வளர்த்து விடறதுல நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்னு. தம்பியைத் தாழ்த்தல, ஆனா எது தன்னோட வேலைங்கறதுல தெளிவா இருந்தார்.

தம்பிக்கு எங்க சறுக்குச்சுன்னு சொல்ற கதையும் உண்டு. 1086-ல அவரை சக்கரவர்த்திக்கே வாத்தியாரா போட்டாங்க. சக்கரவர்த்தின்னா பத்து வயசு வாக்குல ஒரு பொடியன், ஜெசோங். ஒரு நாள் பாடம் முடிஞ்சு பையன் எழுந்து போய் வில்லோ மரத்துல ஒரு கிளையை விளையாட்டா ஒடிச்சான். உடனே செங் யீ, "வசந்த காலம், உயிர்கள் தழைக்கிற நேரம், காரணம் இல்லாம ஒடிக்கக் கூடாது"ன்னு உபதேசம் பண்ணிட்டார். பையன் மூஞ்சி சுருங்கிப் போச்சு. இதைக் கேள்விப்பட்ட பெரிய மந்திரி சிமா குவாங், ராஜாக்கள் பண்டிதர்களைக் கிட்ட சேர்க்க விரும்பாததுக்கு இந்த மாதிரி ஆளுங்க தான் காரணம்னு அலுத்துக்கிட்டாராம். அடுத்த வருஷமே செங் யீக்கு அந்த வேலை போச்சு, அதுக்கு அரண்மனை கோஷ்டி அரசியல் தான் பெரிய காரணம், கிளை இல்லை. இருந்தாலும் பாருங்க, அவர் சொன்ன விஷயத்துல ஒரு தப்பும் கிடையாது. வசந்தத்தைப் பத்தி ஒரு அருமையான பாடம், ஆனா பாடம் முடிஞ்சு ஒரு குழந்தை விளையாடப் போன அந்த நிமிஷத்துல.

கேள்வி: நான் ஆறாம் கிளாஸ் டீச்சர். காத்து, மழைன்னு நீங்க எழுதறது படிக்க சுகமா இருக்கு சார். நாப்பது பசங்க முன்னாடி நின்னு பாருங்க. மென்மையா பேசினா தலை மேல ஏறி உட்கார்ந்துக்குதுங்க. அடியாத மாடு படியாதுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?

பதில்: கோபம் நியாயம் தான் டீச்சர். ஆனா மென்மைன்னா கண்டுக்காம விடறதுன்னு யாரோ நமக்குத் தப்பா சொல்லி வெச்சுட்டாங்க. சீனாக்காரங்க அப்படி சொல்லல.

மென்சியஸோட நாத்துக் கதை கேள்விப்பட்டிருப்பீங்க. சோங் நாட்டுக்காரன் ஒருத்தன் நாத்து வளரவே மாட்டேங்குதுன்னு ஒவ்வொண்ணா மேல இழுத்து விட்டுட்டு வீட்டுக்கு வந்து, இன்னைக்கு ரொம்ப அசதி, நாத்து வளர உதவி பண்ணிட்டு வர்றேன்னான். மகன் ஓடிப் போய் பார்த்தா எல்லாம் வாடிக் கிடக்கு. இது வரைக்கும் எல்லாரும் சொல்வாங்க. மென்சியஸ் இதோட நிறுத்தல. உதவி பண்ணி பிரயோஜனம் இல்லன்னு ஒதுங்கி நிக்கறவன் களையே எடுக்காத விவசாயின்னு அடுத்த வரியிலயே அவனையும் சேர்த்து வாங்கறார். களை எடுக்கணும், இழுக்கக் கூடாது. நாத்துக் கதையை மேற்கோள் காட்டறவங்க இந்தக் களை விஷயத்தை மட்டும் மறந்துடறாங்க.

கன்பூசியஸும் எப்பப் பார்த்தாலும் தேன் ஒழுகப் பேசினவர் கிடையாது. பகல்ல தூங்கின சிஷ்யன் ட்சாய் யூவைப் பார்த்து, உளுத்துப் போன மரத்துல சிற்பம் செதுக்க முடியாதுன்னு போட்டு உடைச்சார். நான் ஒரு மூலையைக் காட்டினா மத்த மூணு மூலையை அவனே யோசிச்சுக்கிட்டு வரலன்னா திருப்பிச் சொல்ல மாட்டேன்னும் சொன்னவர் தான். ஆனா அவரோட அருமை சிஷ்யன் யான் ஹுய் அவரைப் பத்தி என்ன சொன்னார்? படிப்படியா, அழகா இழுத்துட்டுப் போறார், நிறுத்தணும்னு நினைச்சாலும் என்னால நிறுத்த முடியல. கண்டிப்பும் இருந்துச்சு, ஆனா பையனுக்கு அது ஞாபகம் இல்லை, தன்னால நிறுத்த முடியாமப் போனது தான் ஞாபகம்.

உங்களுக்கு கிளாஸ்ல உதவுற மாதிரி ஒண்ணு வேணும்னா நான் இந்தக் காத்து மழைப் பழமொழியைச் சொல்ல மாட்டேன், அது அழகா இருக்கு, ஆனா என்ன பண்ணணும்னு சொல்லாது. "சடங்குகளின் நூல்"ங்கற பழைய சீன நூல்ல கல்வியைப் பத்தி ஒரு அத்தியாயம் இருக்கு, ரெண்டாயிரம் வருஷத்துப் பழசு. அதுல மூணு சின்ன விஷயம்: வழி காட்டு, கையைப் பிடிச்சு இழுக்காதே; ஊக்கம் கொடு, அமுக்காதே; கதவைத் திறந்து விடு, கடைசி வரைக்கும் நீயே கூட்டிட்டுப் போய் விடாதே. என்னைக் கேட்டா மூணாவது தான் ரொம்பக் கஷ்டம், ஏன்னா விடை தெரிஞ்சவங்களுக்கு வாயை மூடிட்டு இருக்கறது கொடுமை. ஒரு பையன் கணக்குல பாதி வழியில முழிச்சுட்டு நிப்பான், நமக்குக் கை துறுதுறுன்னு வரும். அந்த நேரத்துல ஒரு ரெண்டு நிமிஷம் பொறுக்கறது தான் மென்மைன்னு நான் நினைக்கறேன், குரலைத் தாழ்த்திப் பேசறது கூட அப்புறம் தான்.

இன்னொண்ணையும் மறைக்காம சொல்லிடறேன், அதே அத்தியாயத்துல பிரம்பும் வருது, ஒழுங்குக்காக வெச்சிருக்கறதா. அந்தக் காலம் அது. அதைக் காட்டி இன்னைக்கு யாரும் பிரம்பெடுக்கத் தேவையில்லை, நானும் அதுக்கு ஆதரவு கிடையாது.

மாடு படியும் டீச்சர், நான் இல்லன்னு சொல்லல. ஆனா மாட்டுக்கு நாம கேள்வி கேட்கச் சொல்லித் தர்றது இல்லையே.

கேள்வி: ஒரே பாடத்தை எல்லாருக்கும் ஒரே மாதிரி சொன்னா தானே நியாயம்? ஒருத்தனுக்கு மென்மை, ஒருத்தனுக்குக் கண்டிப்புன்னா பாரபட்சம்னு பேரன்ட்ஸ் சண்டைக்கு வர்றாங்க.

பதில்: கன்பூசியஸ் கிட்டயும் இதே சண்டை வந்துச்சு. ட்ஸலூங்கற சிஷ்யன் வந்து, ஒரு நல்ல விஷயம் கேள்விப்பட்டா உடனே செஞ்சுடலாமான்னு கேட்டார். அப்பா அண்ணன் எல்லாம் இருக்கறப்ப எப்படி உடனே செய்வேன்னு தடுத்தார். ரான் யோ வந்து அச்சு அசலா அதே கேள்வியைக் கேட்டார். உடனே செய்னுட்டார். பக்கத்துல இருந்த இன்னொரு சிஷ்யன் குழம்பிப் போய் கேட்க, ரான் யோ பின்வாங்கற ஆளு, அதனால தள்ளி விட்டேன், ட்ஸலூ ரெண்டு ஆள் வேகம், அதனால பிடிச்சு நிறுத்தினேன்னு விளக்கினார். பேரன்ட்ஸ் கிட்ட இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்க. ஒத்துக்குவாங்களான்னா, என் பிள்ளை தான் பின்வாங்கற பிள்ளைன்னு எல்லாருமே சொல்வாங்க, அது வேற பிரச்சனை.

கேள்வி: என் விசிட்டிங் கார்டுல, டியூஷன் போர்டுல "சுன் ஃபெங் ஹுவா யூ"ன்னு போட்டுக்கலாமா? கெத்தா இருக்கும்ல?

பதில்: வேண்டாங்க. அது படிச்சவங்க வாயால வரணும், அதுவும் பெரும்பாலும் ரொம்ப வருஷம் கழிச்சு. செங் ஹாவ் தன்னை வசந்தக் காத்துன்னு சொல்லிக்கல, ஒரு மாசம் கூட இருந்தவர் தான் சொன்னார்.

கேள்வி: நான் வீடியோ பாடம் எடுத்து நெட்ல போடறேன். பசங்க முகத்தையே பார்த்தது இல்லை. காலத்துல பெய்யுற மழைன்னு நீங்க சொல்ற கணக்குல நானெல்லாம் வாத்தியாரே இல்லையா?

பதில்: இருக்கீங்க, லிஸ்ட்லயே இருக்கீங்க. மென்சியஸ் சொன்ன அந்த அஞ்சுல கடைசி, நேர்ல வராமலே ஒருத்தரோட பாடத்தைத் தானா எடுத்துப் படிச்சுத் தேறறது. மென்சியஸே அப்படிப் படிச்ச ஆளு தான். கன்பூசியஸ் செத்தது கி.மு. 479, மென்சியஸ் பொறந்ததே அதுக்கு நூறு வருஷத்துக்கு அப்புறம். எனக்கு கன்பூசியஸோட சிஷ்யனா இருக்க கொடுத்து வைக்கல, மத்தவங்க மூலமா தான் கத்துக்கிட்டேன்னு அவரே சொல்லியிருக்கார். அதனால முகம் பார்க்கலங்கறதுக்காக மனசு விட வேண்டாம்.

ஆனா மழை உங்களால முடியாது, அதையும் சொல்லணும். யார் எப்ப முழிக்கறான்னு ரெகார்ட் பண்ணின வீடியோவுக்குத் தெரியாது. நான் முன்னாடி சொன்ன அந்த அத்தியாயத்துலயே இன்னொரு இடம் வருது: நல்லா பதில் சொல்ற வாத்தியார் மணி மாதிரி, சின்னதா தட்டினா சின்னதா ஒலிக்கும், ஓங்கித் தட்டினா பெருசா ஒலிக்கும், அது முழுசா ஒலிச்சு அடங்கற வரைக்கும் நேரம் கொடுக்கணும்னு. வீடியோ தட்டாமலே ஒலிக்கிற மணி. அதனால வாரத்துல ஒரு மணி நேரம் லைவ்ல வந்து உட்காருங்க, பாடம் எதுவும் ரெடி பண்ணாம, அவங்க கேட்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. மொத ரெண்டு வாரம் யாரும் ஒண்ணும் கேட்காம சும்மா பார்த்துட்டு இருப்பாங்க, அதுக்காக நீங்களா பாடத்தை ஆரம்பிச்சுடாதீங்க.